காரைக்காலைப் படிக்க ஐந்து புத்தகங்கள்

போன எபிசோடு வெளியான பிறகு ரீயூனியன் தீவிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். அவங்க குடும்பத்தில் ஒரு முன்னோர் காரைக்காலில் கப்பல் ஏறி வந்தவர்னு சொல்லிக்கிறாங்களாம். பேர் தெரியாது, வருஷம் தெரியாது. "காரைக்காலைப் பத்தித் தெரிஞ்சுக்க ஒரே ஒரு புத்தகம் படிக்கணும்னா எதைப் படிக்கலாம்?" என்று கேட்டிருந்தார்.

நேர்மையான பதில், அப்படி ஒரு புத்தகம் இல்லை. காரைக்கால் வரலாறுன்னு தேடினால் பெரும்பாலும் பாண்டிச்சேரி வரலாற்றுக்குள்ளே ஒரு அத்தியாயம் கிடைக்கும். சில சமயம் ஒரு பத்தி. ஆனா காரைக்கால் வந்து போகிற புத்தகங்கள் நிறைய உண்டு. அதிலிருந்து ஐந்தை எடுத்துக்கிட்டேன். ஒன்று புராணம், ஒன்று தனிப்பாடல் தொகுப்பு, ஒன்று நாட்குறிப்பு, ஒன்று சட்டப் புத்தகம், ஒன்று வழக்குக் கதை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து. இந்த எபிசோடு முழுக்க, இந்த ஐந்தையும் படிக்கும்போது எனக்கு என்ன தோணுச்சுங்கிறதுதான். இதைப் புத்தக விமர்சனமா எடுத்துக்காதீங்க.

புது நேயர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். காரைக்கால் பாண்டிச்சேரியிலிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, காவிரிக் கடைமடையில், அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 லட்சத்துக்குச் சற்றே அதிகம். 1739ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போச்சு. நடுவில் சில தடவை ஆங்கிலேயர் பிடித்துத் திருப்பிக் கொடுத்ததைத் தள்ளிவிட்டால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம்தான் இருந்தது.

ஒன்று: பெரியபுராணம், அப்புறம் அம்மையாரின் சொந்தப் பாடல்கள்

காரைக்கால் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மாம்பழக் கதைதான். வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். மனைவி புனிதவதி அதில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறாள். சாப்பாட்டில் ஒன்றைத் தின்ற கணவன் இன்னொன்றும் கேட்கிறான். அவள் வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. முன்னதைவிட ருசியா இருக்கே, எங்கே கிடைச்சதுன்னு கேட்கிறான். நடந்ததைச் சொல்கிறாள். அப்படின்னா இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது, அவன் வாங்கியதும் மறைகிறது. ஆனிமாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் எறிகிற ஊர் எங்க ஊர், இந்தக் கதையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புத்தகமா உட்கார்ந்து படிச்சப்போ என் கவனம் வேற இடத்துக்குப் போச்சு. பரமதத்தன் பயந்துவிடுகிறான். இவள் மனுஷி இல்லை, தெய்வம், இவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவதுன்னு பயம். அவன் என்ன செய்கிறான்? கப்பல் கட்டுகிறான், சரக்கு ஏற்றுகிறான், வியாபாரம் என்று சொல்லிப் புறப்படுகிறான். திரும்பி வரவே இல்லை. பாண்டி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, வேறொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதியின் பெயரையே வைக்கிறான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது பக்தி இலக்கியம்தான். ஆனால் அதற்குள் ஒரு கடற்கரை ஊர் அப்படியே இருக்கு. குடும்பத்திலிருந்து ஒருத்தன் காணாமல் போகணும்னா அந்த ஊரில் அதுக்கு இருக்கிற சாதாரண வழி கப்பல்.

அடுத்தது அம்மையாரே பாடியவை. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. இவை சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. இவற்றில் மாம்பழம் இல்லை. கணவன் இல்லை. புனிதவதி என்ற பெயரும் இல்லை. சுடுகாடு இருக்கு, பேய்கள் இருக்கு, ஆடுகிற சிவன் இருக்கிறார். பதிகத்தின் முடிவில் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது அவர் பயன்படுத்துவது "காரைக்கால் பேய்" என்ற பெயரைத்தான். சுந்தரர் அடியார்களைப் பட்டியல் போட்டபோதும் "பேயார்" என்றுதான் சொல்கிறார்.

இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நாம் தலைமுறை தலைமுறையா அவரை ஒரு நல்ல மனைவியா, சமையலறையில் மாம்பழத்தோடு நிற்கிறவராகவே பார்த்துட்டோம். அவர் தனக்குன்னு வைத்துக்கொண்ட பெயரில் அப்பா வைத்த பெயர் இல்லை, கணவனுடைய அடையாளம் இல்லை. அவர் விடாமல் வைத்துக்கொண்டது ஊர்ப் பெயரை மட்டும். கம்போடியாவில் 10ஆம் நூற்றாண்டின் பந்தேய் ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவன் பக்கத்தில் மெலிந்த ஒரு பெண் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். அது காரைக்கால் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் போனது பரமதத்தன் மட்டுமில்லை.

இரண்டு: காளமேகத்தின் தனிப்பாடல்கள்

இரண்டாவது, தனிப்பாடல் திரட்டில் இருக்கிற காளமேகம் பாடல்கள். சிலேடை, வசை, கிண்டல். பள்ளிக்கூடத்தில் தமிழ் பிடிக்காதவங்களுக்குக்கூட காளமேகத்தைப் பிடிக்கும்.

இதில் காரைக்கால் எங்கே வருதுன்னு கேட்டால், அந்தப் புகழ்பெற்ற மோதல் நடந்ததாகச் சொல்கிற திருமலைராயன்பட்டினம் இன்றைக்குக் காரைக்கால் மாவட்டத்தில்தான் இருக்கு. நாங்க டி.ஆர். பட்டினம்னு சொல்லுவோம். திருமலைராயன் 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்டவன். அவனுடைய அவையில் அதிமதுரகவி தலைமையில் 64 தண்டிகைப் புலவர்கள். காளமேகம் வருகிறார், மதிக்க மாட்டேன் என்கிறார்கள். எமகண்டம் என்று ஒரு போட்டி. கீழே நெருப்பு, மேலே சங்கிலியில் தொங்குகிற பலகை, அதில் உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கெல்லாம் உடனே பாட்டு. ஜெயித்த பிறகும் மரியாதை கிடைக்கவில்லை. கோபத்தில் ஊர் மண்மாரி பெய்து அழியட்டும் என்று பாடிவிட்டுப் போகிறார். ஊர் மண்ணில் புதைந்தது என்பது கதை.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டப்போ புலவர் பக்கம்தான் இருந்தேன். அகங்காரம் பிடித்த ராஜா, ஏழைக் கவிஞர், சரியான ஹீரோ கதை. இப்போ படிக்கும்போது அந்தப் பக்கம் இருக்க முடியலை. காரணம் 2004 டிசம்பர் 26. அந்தக் காலையில் சுனாமி டி.ஆர். பட்டினம் கடலோரத்தையும் காரைக்காலின் மற்ற மீனவக் கிராமங்களையும் அடித்துப் போட்டது. ஊருக்குள் கடல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது எப்படியிருக்கும்னு பார்த்த தலைமுறை நாங்க. அதுக்கப்புறம் அந்தச் சாபப் பாட்டில் சிலேடையை ரசிக்க மனசு வரலை. ராஜாவுக்கும் புலவருக்கும் சண்டை, சரி. மண்ணுக்குள்ள போனவன் யாரு? வலை இழுத்தவனும் உப்பு வித்தவளும் என்ன தப்பு பண்ணாங்க? பாட்டில் அவங்களுக்கு இடமே இல்லை. ராஜாவின் பெயராவது மிஞ்சியிருக்கு, ஊருக்கும் திருமலைராஜன் ஆற்றுக்கும்.

கதை உண்மையா என்று கேட்டால், மண்மாரிக்குச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் கடலோர ஊர் ஒன்று மணல் மூடிப் போவதும், துறைமுகம் தூர்ந்து வியாபாரம் வேற இடத்துக்கு நகர்வதும் சோழமண்டலக் கரையில் திரும்பத் திரும்ப நடந்ததுதான். ஆறு கொண்டுவரும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் சேர்ந்து முகத்துவாரத்தை அடைச்சுடும். அந்த அனுபவம் மக்கள் மனசில் ஒரு புலவரின் கோபமா மாறியிருக்கலாம். இது என் யூகம், யூகமாகவே எடுத்துக்கோங்க.

மூன்று: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

மூன்றாவது புத்தகம் பெரிசு. ஆனந்தரங்கப் பிள்ளை 1709ல் பிறந்தவர், பாண்டிச்சேரியில் வணிகர், பிறகு துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசி. 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த நாலாவது நாள் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. குடும்பத்தார் வீட்டில் கிடந்த ஏடுகளை 1846ல் கல்வா மோம்ப்ரன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். சென்னை அரசு 1904லிருந்து 1928க்குள் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சனின் "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" இரண்டு நாவல்களும் இந்த நாட்குறிப்பின் மேல்தான் எழுந்தவை. இரண்டாவதுக்கு 1995ல் சாகித்ய அகாதெமி விருது. நாட்குறிப்பைப் பார்த்து மலைப்பா இருந்தா நாவலிலிருந்து தொடங்குங்க, தப்பில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரருக்குப் போன கதை இந்தக் காலத்தில்தான் நடக்குது. தஞ்சை மராட்டியர் சிம்மாசனத்துக்குச் சண்டை. சாஹுஜிக்குப் பணமும் ஆயுதமும் வேணும். பாண்டிச்சேரி கவர்னர் துய்மாவிடம் கேட்கிறார், பதிலுக்குக் காரைக்காலைத் தருகிறேன் என்கிறார். சக்கரப் பணத்தில் விலை பேசுகிறார்கள். சிம்மாசனம் கைக்கு வந்ததும் சாஹுஜி இழுத்தடிக்கிறார். அப்போது தஞ்சாவூர் மேல் படையெடுத்திருந்த சந்தா சாகிப் குறுக்கே வந்து, நான் பிடித்துத் தருகிறேன் என்கிறார். அவர் ஆட்கள் கோட்டையைப் பிடிக்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கொடி ஏறுகிறது. அப்புறம் பிரதாப்சிங் காலத்தில் கூடுதல் பணம், கூடுதல் கிராமங்கள் என்று பேரம் நீள்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு வந்த உணர்ச்சி கோபம்கூட இல்லை, ஒருவித வெறுமை. விற்றவன், வாங்கினவன், நடுவில் நின்றவன் எல்லாருடைய பெயரும் வரலாற்றில் இருக்கு. விற்கப்பட்ட கிராமங்களின் பெயரும் இருக்கு. அந்தக் கிராமத்தில் அன்று காலையில் வயலில் இறங்கியவர்களிடம் "இன்னிலேருந்து உங்க ராஜா வேற"ன்னு யாராவது சொன்னாங்களா? எப்போ சொன்னாங்க? அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கலை.

பிள்ளைக்கு நியாயமா ஒன்று சொல்லணும். அவர் பெயர்களைக் குறித்து வைக்கிற மனுஷர். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் யாருக்கு எவ்வளவு நஜர் கொடுத்தார், எல்லாம் இருக்கும். "ஆனந்தப் புரவி" என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். அதே நாட்குறிப்பில் 1743ல் ஒரு பதிவு வருது. சுற்று வட்டாரத்து மக்களை ஏமாற்றியும் பிடித்தும் ஒரு வீட்டில் அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலில் அனுப்புகிற கும்பல் பிடிபட்ட விவகாரம். அவர் அதிர்ச்சியோடுதான் எழுதுகிறார். ஆனால் அந்தப் பக்கத்தில் வியாபாரிகளுக்குப் பெயர் இருக்கிற அளவுக்கு, அடைபட்டவர்களுக்குப் பெயர் இல்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் பெயர் கிடைக்கும் என்பது நாட்குறிப்புக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் நான் மாட்டிக்கிட்டேன்.

நான்கு: ஒரு சட்டப் புத்தகம்

நான்காவது புத்தகத்தைப் பார்த்தால் சிரிப்பீங்க. பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு. நெப்போலியன் காலத்தில், 1804ல் வந்தது. பிரெஞ்சு எனக்கு வராது. மொழிபெயர்ப்புச் செயலியையும் அகராதியையும் வைத்துக்கொண்டு, எங்க ஊரோடு சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டும் படித்தேன்.

1819ல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் இந்தச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு விதிவிலக்கு. இந்தியர்கள் அவரவர் சாதி, மத வழக்கப்படியே கல்யாணம், சொத்துரிமை விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். இதை மக்களின் பழக்கத்துக்குக் கொடுத்த மரியாதை என்று வாசிக்கலாம். சாதியை அப்படியே விட்டுவைத்தது என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது பக்கம்.

அடுத்து 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு ஆணை வருகிறது. விரும்புகிற இந்தியர் தன் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். பதிவு அலுவலகத்தில் அறிவித்தால் போதும். அப்படித் துறந்தவர்களை "ரெனோன்சான்" என்பார்கள், துறந்தவர் என்றே அர்த்தம். துறக்கும்போது ஒரு நிபந்தனை உண்டு, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லணும். அந்தப் பெயர்தான் இனி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

இங்கேதான் என் வேலை புத்தி குறுக்கே வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், எந்தப் படிவத்திலும் "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தைக் காலியா விட முடியாது. இனிஷியல் மட்டும் வைத்திருக்கிற தமிழர்கள் அங்கே அப்பா பெயரைப் போடுவோம், இல்லைன்னா சொந்தப் பெயரையே இரண்டு தடவை போடுவோம். 140 வருஷத்துக்கு முன்னால் அதே கட்டம் காரைக்கால் ஆட்கள் முன்னால் வைக்கப்பட்டது. ஆனா அது எரிச்சலூட்டுகிற கட்டமா மட்டும் இல்லை. பெயரைச் சொன்னாலே சாதி தெரிகிற ஊரில், பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுசா ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரசாங்கமே இடம் கொடுக்குது. துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் அதிகமாக இருந்தது தற்செயல் இல்லை. உயர்சாதி இந்துக்கள் பெரும்பாலும் எதிர்த்தார்கள், பாண்டிச்சேரியில் சண்முக வேலாயுத முதலியார் அந்த அணிக்குத் தலைவர்.

துறந்தவர்கள் பக்கத்தில் முக்கியமானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ல் பாண்டிச்சேரி நீதிமன்றத்துக்குச் செருப்போடு அல்ல, ஐரோப்பியர் போல் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார் என்று தடுத்தார்கள். பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு துறந்தவராகி லாபோர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்.

இது பழங்கதை இல்லை. சிவில் சட்டத்தின் கீழ் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. துறந்தவர்களின் வம்சத்தில் வந்த இந்தியக் குடிமக்களுக்கு இன்றைக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, பிரெஞ்சு சிவில் சட்டம்தான். ஒரு வீட்டுப் பாகப் பிரிவினையில் "உங்க கொள்ளுத்தாத்தா 1880களில் கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?" என்பது கேள்வியா வரலாம். புராணத்தைவிட, நாட்குறிப்பைவிட இந்த வறண்ட சட்டப் புத்தகம் என்னை அதிகம் பாதித்ததுக்குக் காரணம் அதுதான். மத்த புத்தகங்கள் மக்களுக்குப் பெயர் வைக்கவே மறந்துபோச்சு. இது, அந்நிய அரசாங்கத்தின் கணக்குக்காகவே இருந்தாலும், "உன் பெயர் என்ன, நீயே சொல்லு" என்று கேட்டது.

ஐந்து: கடல் தாண்டி ஒரு வழக்கு

ஐந்தாவது புத்தகம் காரைக்காலில் நடக்கவே இல்லை. கரீபியன் கடலில், குவாதலூப் தீவில் நடக்குது.

1848ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேணும். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் டிப்போ திறந்தார்கள். மேஸ்திரிகள் தஞ்சாவூர் கிராமங்கள் வரைக்கும் போய் ஆள் பிடித்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதக் கடல் பயணம். "ஓரெலி" என்ற கப்பல் 1854 டிசம்பரில் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் அந்தத் தீவுக்கு மட்டும் போனார்கள். திரும்பி வந்தது ஒரு சிறு பங்குதான். பக்கத்திலுள்ள மார்த்தினிக்குக்கும், இந்தியப் பெருங்கடலில் ரீயூனியனுக்கும் போனவர்கள் தனிக் கணக்கு.

இறங்கியதும் அவர்களுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர். எழுதுகிற குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது, காதில் விழுந்ததை எழுதுவார். ராமசாமி, முத்துசாமி, வேங்கடசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நெளிந்து இன்றைக்கும் அங்கே குடும்பப் பெயர்களா இருக்கு.

அந்தத் தீவில் 1863ல் பிறந்தவர் ஆன்ரி சிதாம்பரோம். நம்ம சிதம்பரம்தான். இந்தியாவிலிருந்து போன பெற்றோரின் பிள்ளை. 1904ல் தீவிலேயே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கவர்னர் எதிர்ப்புத் தெரிவித்தார். சிதாம்பரோம் வழக்காடினார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1923 வரை. கடைசியில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தை அவரே புத்தகமாகவும் பதிவு செய்தார்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் தலையில் அடித்த மாதிரி இருந்தது. பிரெஞ்சு இந்தியாவில் 1871லிருந்தே வயது வந்த ஆண்கள் எல்லாரும் வாக்களித்தார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே ஒரு உறுப்பினரை அனுப்பினார்கள். அந்தத் தேர்தல்கள் எந்த லட்சணத்தில் நடந்தது என்பது தனிக் கதை. கள்ள ஓட்டு, அடிதடி, ஆதிக்கச் சாதித் தலைவர்களின் பிடி, எல்லாம் உண்டு. 1884ல் வாக்காளர்களையே ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூணு பட்டியலாகப் பிரித்தார்கள். இருந்தாலும் காகிதத்தில் உரிமை இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று வைத்துக்கோங்க. தம்பி காரைக்காலிலேயே இருக்கிறான், பெயர் வாக்காளர் பட்டியலில் வருது. அண்ணன் அதே பிரான்சின் கொடிக்குக் கீழே உள்ள இன்னொரு தீவுக்குப் போகிறான், அவன் பிள்ளைகள் பெயரைப் பட்டியலில் சேர்க்க 19 வருஷம் வழக்கு. ஒரே அரசாங்கம், ஒரே குடும்பம். நடுவில் இருந்தது கப்பல் மட்டும்.

ஐந்தையும் சேர்த்து வைத்தால்

பரமதத்தன் கப்பலில் போனான், அவன் கதையைச் சேக்கிழார் எழுதினார். அம்மையார் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். மண்ணில் புதைந்ததாகச் சொல்கிற மக்களை யாரும் எழுதவில்லை. 1743ல் அடைபட்டவர்கள் பெயரில்லாமல் ஒரு நாட்குறிப்பில் ஒதுங்கினார்கள். ஓரெலி கப்பலில் போனவர்கள் தப்பும் தவறுமாக, எண்ணோடு சேர்ந்து எழுதப்பட்டார்கள். சிதாம்பரோம் அந்தத் தப்பான எழுத்துக்கூட்டலையே தன் பெயராக வைத்துக்கொண்டு அதற்கு உரிமை வாங்கினார்.

இந்த வரிசையின் கடைசிக் கண்ணி 1962. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16ல் பிரான்சின் ஒப்புதலோடு காரைக்கால் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தது. இந்தியக் குடியுரிமை வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று சொல்ல ஆறு மாத அவகாசம். சிலர் எழுதிக் கொடுத்தார்கள். பலர் கொடுக்கவில்லை. அவர்களில் தகவல் தெரியாதவர்கள் எத்தனை பேர், வேண்டாம் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் காரைக்காலில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், எதிர் வீட்டுக்கு வராது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை "சொல்தா" என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. சொல்தா வீட்டுப் பேரன் பாரிசில், அடுத்த வீட்டுப் பேரன் திருப்பூரில். நடுவில் இருந்தது ஒரு படிவம்.

அதனாலதான் பழைய பதிவேடுகளை அலுப்பான விஷயமா என்னால் பார்க்க முடியலை. காரைக்காலின் பிரெஞ்சுக் காலப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளின் பிரதிகள் தெற்குப் பிரான்சில் எக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். கவித்துவம் எதுவும் இருக்காது. இன்னார் மகன் இன்னார், இன்ன தேதி, சாட்சி இன்னார். ஆனா மேலே சொன்ன ஐந்து புத்தகங்களும் எழுதாமல் விட்ட ஆட்கள் அங்கேதான் இருக்காங்க. நாட்டு மருத்துவச்சி, கொத்தனார், மீனவர், எல்லாரும் பெயரோடு.

ரீயூனியன் நண்பருக்கு என் பதில் இதுதான். ஒரே ஒரு புத்தகம்னா, இந்த ஐந்தில் எதுவும் இல்லை, அந்தப் பதிவேடுதான். உங்க குடும்பப் பெயரை இப்போ எழுதுகிற மாதிரி தேடாதீங்க. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. தமிழ் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தச் சத்தம் தமிழில் என்னென்ன பெயராக இருந்திருக்கலாம்னு ஒரு பட்டியல் போடுங்க. ஒவ்வொரு பெயரையும் ஒரு பிரெஞ்சுக் குமாஸ்தா எத்தனை விதமா எழுதியிருப்பார்னு யோசித்து, அத்தனையையும் தேடுங்க. ஊர் என்ற இடத்தில் காரைக்கால்னு இருந்தாலும் உடனே நம்பிடாதீங்க. கும்பகோணத்துக்காரரும் மன்னார்குடிக்காரரும் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். அப்பா பெயரையும் கிராமத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்க. நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருநள்ளாறு மாதிரிப் பெயர் எதுவும் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்க. அந்த ஊர்களில் போய்க் கேட்க எங்களால் முடியும்.